என்ன முத்து என்று கேளுங்கள்

புளியம்பழத்தைக் கோது நீக்கி உடைத்தால் உள்ளே இருப்பது புளியமுத்து. வேப்பம்பழத்தின் சதை கழிந்தால் மிஞ்சுவது வேப்பமுத்து. ஆமணக்கின் விதையும் முத்து, மாதுளையின் சிவந்த மணியும் முத்து. பிள்ளையின் கையெழுத்து அழகாக இருந்தால் முத்து முத்தாக எழுதுகிறான் என்கிறோம். நெற்றியில் வியர்வை அரும்பினால் அதுவும் முத்து முத்தாகத்தான். உடம்பில் அம்மை கண்டால் முத்து போட்டிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். தெருவுக்கு ஒரு முத்துசாமி, ஊருக்கு ஒரு முத்துமாரி. நகைக்கடையில் வெல்வெட் தட்டின் மேல் சரம் சரமாகக் கிடப்பதற்கும் பெயர் முத்துதான்.

இத்தனை பொருள் இருந்தும் வீட்டிலும் தோட்டத்திலும் யாரும் குழம்புவதில்லை. பேச்சின் இடமும் பேசுபவரின் குரலுமே எது எது என்று காட்டிவிடுகின்றன. குழப்பம் வருவது பெரும்பாலும் நகைக்கடையில்தான். அங்கே ஒரே சொல்லின் கீழ் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றின் விலைகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் முத்தில் அசல், போலி என இரண்டே வகைதான் உண்டு என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இந்தச் சொல் நம்மிடம் எப்படி இவ்வளவு விரிந்தது என்று சற்றுப் பார்த்துவிடலாம்.

முத்துக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தரளம், நித்திலம், ஆரம், முத்தம் என்று இலக்கியம் முழுக்க விரவிக் கிடக்கின்றன. அவற்றில் பேச்சு மொழி பிடித்துக்கொண்டது முத்து ஒன்றைத்தான். வடமொழியின் முக்தாவுக்கும் நம் முத்துக்கும் உறவு உண்டு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகிறார்கள். யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்பதில் இரு கட்சி உண்டு. சிப்பியிலிருந்து விடுபட்டு வந்ததால் முக்தா என்று ஒரு சாராரும், தென்கடல் பொருள் தென்மொழிப் பெயரோடு வடக்கே போயிற்று என்று மறுசாராரும் சொல்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது அந்த வழக்கின் தீர்ப்பல்ல. ஓட்டுக்குள்ளோ தோலுக்குள்ளோ உருண்டு திரண்டு முழுமையாக இருப்பது எதுவோ அதை முத்து என்று பார்க்கும் பழக்கம் நம் மொழியில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. கடலில் கிடைத்ததும் மரத்தில் கிடைத்ததும் ஒரே பெயர் பெற்றது அதனால்தான். முத்தம் என்ற சொல் முத்தையும் குறிக்கும், இதழ் பதிப்பதையும் குறிக்கும். பிள்ளைத்தமிழின் முத்தப் பருவத்தில் புலவர்கள் உலகத்து முத்தெல்லாம் வேண்டாம், நீ தரும் முத்தமே வேண்டும் என்று குழந்தையிடம் கேட்பதற்கு இந்த இரட்டைப் பொருளே வழிவிட்டது.

அதே பாடல்களில் முத்து பிறக்கும் இடங்களின் பட்டியல் நீளமாக வரும். சங்கு, யானைக் கொம்பு, மூங்கில், கரும்பு, நெல், மேகம், பாம்பு என்று அது போகும். சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து ஏந்தி முத்தாக்கும் என்பதும் நாடெங்கும் அறிந்த நம்பிக்கை. கவிதைக்கு இவை அழகு. ஆனால் மூங்கில் முத்து, யானை முத்து, நாக முத்து என்று சொல்லி இன்றும் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முத்து உருவாக ஓடுள்ள மெல்லுடலி ஒன்று வேண்டும். பாம்புக்கும் மூங்கிலுக்கும் அந்த வேலை தெரியாது.

அம்மை முத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. பெரியம்மை ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் அந்த நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள். உடம்பில் கொப்புளித்ததை முத்து என்றார்கள், வந்தவளை ஆத்தா என்றார்கள், கொப்புளம் வற்றினால் முத்து இறங்கியது என்று வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினார்கள். அச்சத்தை மரியாதையாக மாற்றிய சொல் அது. அந்தப் பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அது ஒழிந்தது என்று அறிவித்துவிட்டது. இப்போது நாம் முத்து என்று சொல்வது பெரும்பாலும் சின்னம்மை. அதற்குத் தடுப்பூசி உண்டு, வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பெரியவர்களுக்கும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் அது கடுமையாகலாம். காய்ச்சலுக்காகக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வேப்பிலை கட்டுங்கள், ஆத்தாவை வேண்டுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். சொல் பழையதாகவே இருக்க, அது சுட்டும் நோய் மாறிவிட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இனிக் கடல் முத்துக்கு வருவோம்.

மணல்துகள் உள்ளே புகுந்து உறுத்தியதால் சிப்பி அதைச் சுற்றி முத்து செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சிப்பி வாழ்வதே மணலும் சேறும் புரளும் நீரில்தான். உள்ளே வரும் மணலை வெளியே தள்ள அதற்கு நன்றாகத் தெரியும். முத்துக்குக் காரணம் பெரும்பாலும் உயிருள்ள எதிரி. ஓட்டையோ உடலையோ துளைத்து வரும் சிறு ஒட்டுண்ணி, அல்லது அதனால் ஏற்பட்ட காயம். சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மடல் போன்ற தோலுக்கு மாண்டில் என்று பெயர். ஓட்டின் உட்பக்கப் பளபளப்பைச் சுரப்பது அதுதான். காயத்தில் அந்தத் தோலின் செல்கள் சில உடலுக்குள் இடம் மாறிப் போனால், அங்கே ஒரு சிறு பையாக வளர்ந்து, தமக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தின் மெல்லிய தகடுகளைக் கான்கியோலின் என்ற புரதப் பசையால் ஒட்டி அடுக்குகின்றன. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். வெங்காயம்போல் அடுக்கின் மேல் அடுக்கு. ஒளி இந்த அடுக்குகளுக்குள் புகுந்து திரும்பும்போது பிறப்பதுதான் முத்தின் நீரோட்டம்.

வேதியியலில் பார்த்தால் முத்தும் முத்துச்சிப்பியின் ஓடும் ஒரே சுண்ணாம்புதான். சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம் என இரண்டு தனி மருந்துகள் உண்டு. பெயர் நெருக்கத்தால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி வாங்குகிறார்கள். சீட்டில் வைத்தியர் எதை எழுதினாரோ அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பரதவர்கள் பார் என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்களும், இலங்கையின் சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக்கு எதிரே உள்ள பார்களும்தான் இரண்டாயிரம் ஆண்டு முத்து வரலாற்றின் களம். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் முத்தின் வகைகளைச் சொல்லும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டிய கவாடத்து முத்தையும் முன்னால் வைக்கிறது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு கொற்கையைக் கொல்கி என்று குறித்து, அங்கே தண்டனைக் கைதிகளை மூழ்கவிட்டு முத்தெடுத்தார்கள் என்று சொல்கிறது. முத்தின் பெருமையைப் பேசும்போது இந்த வரியையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். பாண்டியனின் முத்து என்றால் எத்தனை மதிப்பு என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். அரசியின் சிலம்புப் பரல் முத்து, கண்ணகியின் சிலம்புப் பரல் மாணிக்கம். உள்ளே இருப்பது எது என்று உடைத்துப் பார்த்த கணத்தில் ஒரு அரசனின் நீதி விழுந்தது. கொற்கைத் துறையோ கடல் பின்வாங்கி, இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூராகக் கிடக்கிறது.

முத்தை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வாசிக்க வேண்டும். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கல்லில் வெட்டப்பட்டது. இத்தனை முத்து என்று எண்ணிக்கை மட்டும் சொல்லி அந்தக் கல்வெட்டுகள் நிற்பதில்லை. வட்டம், அதாவது நன்றாக உருண்டது. அனுவட்டம், ஏறக்குறைய உருண்டது. ஒப்புமுத்து, ஒப்பமிட்டு மெருகேற்றியது. குறுமுத்து, இரட்டை, கறடு, சப்பத்தி, நிம்பொளம், பயிட்டம் என்று வடிவுக்கும் குறைக்கும் தனித்தனிப் பெயர்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியின் தன்மைக்குத் தனிப் பெயர்கள். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுக்கமாகக் குறிக்கப்பட்டது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு கல், மணிகளை நிறுக்கத் தக்ஷிணமேருவிடங்கன் என்று வேறொரு கல். நகையின் எடை சொல்லும்போது அதில் சரடும் அரக்கும் சேர்ந்திருக்கிறதா என்பதைக்கூட விடாமல் எழுதினார்கள்.

நான் இந்தப் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம் வியப்பது நகையின் செல்வத்தைப் பார்த்து அல்ல, எழுதியவனின் நேர்மையைப் பார்த்து. அரசன் கொடுத்த முத்து என்பதற்காகக் கறடை வட்டம் என்று அவன் எழுதவில்லை. சப்பையானதைச் சப்பை என்றே எழுதினான். கோயில் பண்டாரத்தில் நாளை யாராவது மாற்றிவைத்தால் பெயரே காட்டிக்கொடுக்கும். முத்து என்று வெறுமனே சொல்லி நிறுத்துவது கணக்காகாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த ஊர் இது.

பின்னாளில் மன்னார்க் கரைச் சந்தைகளிலும் அதே ஒழுங்கு தொடர்ந்தது. சிப்பிகளை ஆயிரக் கணக்கில் ஏலம் எடுத்த வியாபாரிகள் அவற்றை அழுகவிட்டுக் கழுவி முத்தைப் பிரிப்பார்கள். பிறகு பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக் கடைசிச் சல்லடையில் 1000 துளை. எந்தச் சல்லடையில் நின்றதோ அதுவே அளவு. அதன் பின் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். எல்லாவற்றிலும் மேலானது ஆணிமுத்து. எல்லாவற்றிலும் கீழே மருந்துக்குப் போகும் தூள். ஆணி என்பதற்கு உரையாணி, மேன்மை என்று பொருள். ஆணித்தரம் என்று நாம் இன்று சொல்வதை நினைத்துப் பார்த்தால் ஆணிமுத்தின் தகுதி விளங்கும். விலை நிர்ணயத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. எடை இரு மடங்கானால் விலை நான்கு மடங்காகும். அதனால் இரண்டு சிறிய முத்துகள் சேர்ந்து ஒரு பெரிய முத்தின் எடையைத் தொட்டாலும் விலையில் பாதியைத்தான் தொடும்.

இந்தச் சந்தைகளின் உச்சம் 1905. அந்த ஆண்டு இலங்கைப் பக்கத்துப் பார்களில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். அந்த மகிழ்ச்சியில் மறு ஆண்டே ஒரு ஆங்கிலக் கம்பெனி பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பிகள் மறைந்தன, கம்பெனியும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. முத்துப் பார்களுக்கு இது புதிதல்ல. சில ஆண்டு பொங்கும், பல ஆண்டு வெறுமையாகக் கிடக்கும். நீரோட்டம், மணல் மூடுவது, சிப்பியைத் தின்னும் மீன்கள், அளவுக்கு மீறிய அறுவடை என்று காரணங்கள் பல. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம், சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆகவே 'தூத்துக்குடிக் கடலில் இப்போதுதான் எடுத்த முத்து' என்று யாராவது தட்டை நீட்டினால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அப்படியானால் கடைகளில் இவ்வளவு முத்து எங்கிருந்து வருகிறது? வளர்ப்பிலிருந்து வருகிறது.

ஜப்பானின் கோகிச்சி மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் அரைக்கோள வடிவ முத்தை வளர்த்துக் காட்டினார். முழு உருண்டை முத்தை வளர்க்கும் முறையை நிஷிகாவா, மிசே என்ற இருவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வகுத்தார்கள். முறை இதுதான். ஒரு சிப்பியின் மாண்டிலிலிருந்து சிறு துண்டை வெட்டி, நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை மணி ஒன்றோடு சேர்த்து, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். அந்தச் சிப்பியைக் கூட்டில் இட்டுக் கடலில் தொங்கவிடுவார்கள். உள்ளே வைத்த தோல்துண்டு வளர்ந்து மணியை மூடி, அதன் மேல் அடுக்கடுக்காகச் சுரக்கும். மனிதன் செய்தது தொடக்கத்தை மட்டும். அதன் பிறகு நடப்பது முழுக்கச் சிப்பியின் வேலை, இயற்கை முத்தில் நடக்கும் அதே வேலை.

இந்த முத்துகள் 1920களில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் வந்தபோது வியாபாரிகள் கொதித்தார்கள். மோசடி என்றார்கள், வழக்குக்குப் போனார்கள். அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1917இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையைக் கார்ட்டியே நகை நிறுவனம் வாங்கியது. கொடுத்த விலை 100 டாலர் ரொக்கமும், 10 லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர இயற்கை முத்து மாலையும். அதே மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் போயிற்று. வளர்ப்பு முத்தும், 1929க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தமும் சேர்ந்து இயற்கை முத்தின் சந்தையைச் சாய்த்தன. பஹ்ரைன், குவைத் கரைகளில் மூழ்கி வாழ்ந்தவர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று. அண்மைக் காலத்தில் இயற்கை முத்து மீண்டும் எழுந்துவிட்டது. பிரான்ஸ் அரசி மரி அந்துவனெத்தின் முத்துத் தொங்கல் ஒன்று 2018இல் ஜெனீவா ஏலத்தில் 3.6 கோடி டாலருக்கு விற்றது.

வளர்ப்பு முத்தை எதிர்த்த அந்தச் சண்டைகளின் முடிவு நமக்கு மிகவும் பயன்படுவது. வளர்ப்பு முத்து போலி அல்ல, அதை விற்பதைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் வளர்ப்பு என்ற அடைமொழி இல்லாமல் விற்கக் கூடாது. உலக நகை வணிகர்களின் கூட்டமைப்பான சிப்ஜோவின் விதி இதைத்தான் சொல்கிறது. அடைமொழி இல்லாமல் முத்து என்று எழுதினால் அது இயற்கை முத்தை மட்டுமே குறிக்கும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வகுத்த நகை வழிகாட்டுதலும் அப்படியே. நம் ஊர்க் கடைப் பேச்சில் இது தலைகீழாக இருக்கிறது. வளர்ப்பு முத்தை வெறும் முத்து என்கிறார்கள், கண்ணாடி மணியையும் வெறும் முத்து என்கிறார்கள். அசல் என்ற சொல்லை மட்டும் இரண்டுக்கும் தாராளமாகச் சேர்க்கிறார்கள்.

ஆக மூன்று வகை. மனிதக் கை படாமல் சிப்பிக்குள் தானாக உருவானது இயற்கை முத்து. மனிதன் தொடங்கிவைத்துச் சிப்பி செய்து முடித்தது வளர்ப்பு முத்து. சிப்பிக்குத் தொடர்பே இல்லாமல் கண்ணாடி, பிளாஸ்டிக், அரைத்த ஓடு ஆகியவற்றின் மேல் பளபளப்பைப் பூசியது போலி முத்து. மீன் செதிலிலிருந்து எடுத்த மினுக்கைக் கண்ணாடி மணியில் பூசும் தொழில் பாரிஸில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. போலி முத்தில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. நாட்டியம் ஆடும் குழந்தையின் ஜடைக்கு நூறு ரூபாயில் அழகு செய்கிறதென்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நூறு ரூபாய்ப் பொருளைப் பத்தாயிரத்துக்கு விற்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

வளர்ப்பு முத்திலும் உட்பிரிவுகள் உண்டு. ஜப்பானின் அகோயா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துத் தென்கடல் முத்து, தஹிதித் தீவுகளின் கருமுத்து ஆகியவை உப்புநீரில் மணி வைத்து வளர்த்தவை. சீனாவின் குளங்களில் வளர்வது நன்னீர் முத்து. அதில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, தோல்துண்டு மட்டுமே வைக்கிறார்கள். ஒரே சிப்பியில் பல முத்துகள் கிடைக்கும். அதனால்தான் விலை குறைவு. விலை குறைவாக இருப்பதாலேயே அதைப் போலி என்று நினைக்க வேண்டாம். மணி இல்லாததால் அது உள்ளிருந்து வெளிவரை முத்துப் பொருளாகவே இருக்கும். ஹைதராபாத் முத்து என்பதும் ஒரு பிறப்பிடப் பெயரல்ல. ஹைதராபாத்துக்குக் கடலும் இல்லை, முத்துப் பாரும் இல்லை. நிஜாம் காலம் முதல் முத்தைத் துளையிட்டு, தரம் பிரித்து, கோத்து விற்பதில் தேர்ந்த நகரம் அது. இன்று அங்கே கோக்கப்படுவதில் பெரும்பகுதி சீனாவின் நன்னீர் முத்துகள். கைத்திறன் ஹைதராபாத்துக்குச் சொந்தம், முத்து சீனத்தது.

இந்த வளர்ப்புக் கதையில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு, அது போதிய அளவு பேசப்படவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமியும் உடன் இருந்தவர்களும் 1973இல் மன்னார் வளைகுடாச் சிப்பியிலேயே உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். ஜப்பானியர் பொத்திப் பாதுகாத்த நுட்பத்தை இங்கேயே கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கவும் அந்த நிறுவனம் வழி கண்டது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் பிறகு நன்னீர் முத்துக்கும் முறை வகுத்தது. குளத்தில் முத்து வளர்த்தால் லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று விளம்பரம் செய்து பயிற்சிக் கட்டணம் வசூலிப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கற்க விரும்புபவர்கள் இந்த அரசு நிறுவனங்களை முதலில் அணுகுவதே பாதுகாப்பு.

கடையில் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பார்கள். முன்பல்லின் விளிம்பில் மெல்லத் தேய்த்துப் பார்க்கும் சோதனை பழையது, பயனுள்ளதும்கூட. சிப்பி செய்தது நறநறக்கும், பூச்சு வழுக்கும். ஆனால் இது போலியைத்தான் பிரித்துக் காட்டும். இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் ஒன்றுபோலவே நறநறக்கும். பூதக்கண்ணாடியால் துளையின் வாயைப் பார்த்தால் போலியில் பூச்சு உரிந்திருக்கும். மணி வைத்த வளர்ப்பு முத்தில் மணிக்கும் மேலடுக்குக்கும் நடுவே ஒரு கோடு தெரியலாம். சரத்தின் எல்லா முத்தும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு, ஒரே உருட்சி, ஒரே நிறம் என்றால் சந்தேகப்படுவதற்கு இடம் உண்டு. இயற்கையா வளர்ப்பா என்பதைக் கண்ணால் உறுதியாகச் சொல்ல அனுபவசாலிகளாலும் முடியாது. அதற்கு எக்ஸ்-கதிர்ப் பரிசோதனை வேண்டும். ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் அதைச் செய்து சான்று தருகிறார்கள். தீயில் காட்டுவது, எலுமிச்சைச் சாற்றில் போடுவது போன்ற சோதனைகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். முத்து சுண்ணாம்பு. அமிலம் அதை அரிக்கும், சூடு வெடிக்கவைக்கும். வாசனைத் தைலமும் வியர்வையும்கூட அதற்கு ஆகாது. பூசி முடித்த பிறகு அணிந்து, கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

சந்திரனுக்கு உரிய ராசிக்கல் என்று முத்து மோதிரம் வாங்குபவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையைப் பற்றி இங்கே வாதிடப் போவதில்லை. ஆனால் இயற்கை முத்துதான் பலன் தரும் என்று சோதிடர் சொல்லி, அதற்கான விலையும் வாங்கிக்கொண்டு, கொடுப்பது நன்னீர் வளர்ப்பு முத்தாக இருப்பது பரவலாக நடக்கிறது. மோதிரத்தில் ஹால்மார்க் இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஹால்மார்க் முத்திரை உலோகத்தின் தூய்மைக்கு மட்டும். பதித்த முத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஒரு பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை முத்துக் கடையில் பயன்படுத்துவது எளிது. நகை வணிகர்கள் தாமாக முன்வந்து ஒவ்வொரு தட்டின் மேலும் இயற்கை, வளர்ப்பு, போலி என்ற மூன்றில் ஒன்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். வணிகர் சங்கங்கள் இதை ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ளலாம். நேர்மையாக வளர்ப்பு முத்து விற்பவர்களுக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. போலியை அசல் என்று விற்பவர்களோடு தாங்களும் சேர்த்து எண்ணப்படுவது நிற்கும்.

அதுவரை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். அசலா என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். இயற்கையா, வளர்ப்பா, போலியா, வளர்ப்பென்றால் கடலா நன்னீரா என்று கேளுங்கள். சொன்ன பதிலை அப்படியே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் முத்து வாங்காதீர்கள்.